நண்பனின் சாவும் பார்ப்பவரின் கண்ணீரும்

நடந்தேயிராத ஒரு சாவுக்காகத் திரையரங்கின் இருட்டில் ஒருவர் அழுவது ஏன் என்பதும், அந்த அழுகையை இரக்கம் என்று கொள்வதா, இன்பத்தின் இன்னொரு வகை என்று தள்ளுவதா என்பதும் மெய்யியலில் மிகப் பழைய கேள்விகள். கிரேக்கத்தில் பிளேட்டோவும், அவருக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின் வட ஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தினாரும் இவற்றை வெவ்வேறு நோக்கில் எழுப்பினர். இருவரும் எழுப்பியது, நாடகம் பார்ப்பவரின் மீது ஐயம் கொண்டுதான். ஆண்களுக்கு இடையிலான நட்பையும் அதன் இழப்பையும் பொருளாகக் கொண்ட படைப்புகளில் இக்கேள்வி மேலும் சிக்கலாகிறது, ஏனெனில் ஆண் அழுவது தகுமா என்ற ஐயமும் அதே அளவு பழமையானது. பெல்ஜிய இயக்குநர் லூக்காஸ் டோன்ட் எடுத்த 'க்ளோஸ்' என்ற படமும், அதைப் பார்த்தவர்கள் அதற்குக் காட்டிய எதிர்வினையும் இந்த இரண்டு ஐயங்களையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய வாய்ப்பளிக்கின்றன. 2022 கான் விழாவில் கிராண்ட் பிரி எனப்படும், தங்கப் பனைக்கு அடுத்த நிலையிலுள்ள விருதை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்ட இப்படம், அடுத்த ஆண்டு ஆஸ்கரின் பன்னாட்டுப் படப் பிரிவிலும் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

கதை சிறியது. லியோ, ரெமி என்ற 13 வயதுச் சிறுவர்கள் இருவர். லியோவின் குடும்பம் மலர்ப் பண்ணை வைத்திருக்கிறது, ரெமி ஓபோ என்ற குழலிசைக் கருவி வாசிக்கிறான். கோடை முழுவதும் பூக்களுக்கு நடுவே ஓடியும், இல்லாத எதிரிகளோடு போரிட்டும், ஒரே கட்டிலில் உறங்கியும் திரிந்தவர்கள் விடுமுறை முடிந்து புதிய பள்ளியில் சேர்கிறார்கள். அங்கே ஒரு மாணவி, கேலியாகக் கூட அல்ல, வெறும் ஆர்வத்தில், நீங்கள் இருவரும் ஜோடியா என்று கேட்கிறாள். இல்லை என்று லியோ அவசரமாக மறுக்கிறான். அதன் பிறகு அவன் மெல்ல மெல்ல விலகுகிறான்: புல்தரையில் தன்மேல் தலை சாய்க்கும் நண்பனிடமிருந்து நகர்ந்துகொள்கிறான், ஐஸ் ஹாக்கி அணியில் சேர்கிறான், ஒருநாள் காத்திராமல் மிதிவண்டியில் தனியாகப் பள்ளிக்குப் போய்விடுகிறான். ரெமி எல்லார் முன்னிலையிலும் அழுதுகொண்டே அவனோடு சண்டையிடுகிறான். பின்னர் பள்ளிச் சுற்றுலா ஒன்றுக்கு ரெமி வராமற்போக, பேருந்து திரும்பி வரும்போது பெற்றோர்கள் கூடி நிற்கிறார்கள். ரெமி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்ற செய்தி லியோவுக்குத் தாயின் வாயால் தெரிகிறது. சாவைப் படம் காட்டுவதில்லை. அந்த வீட்டில் உடைந்து கிடக்கும் ஒரு கதவை மட்டும் லியோ சன்னல் வழியே பார்க்கிறான். இவ்வளவும் படத்தின் முற்பாதி. எஞ்சியது முழுவதும் உயிரோடிருப்பவனின் துயரம்.

பார்த்தவர்களில் பலர் அழுதார்கள் என்பதும், அழுததை மறைக்காமல் பேசினார்கள் என்பதும் இப்படத்தின் வரவேற்பில் முதலில் கண்ணில் படும் செய்தி. பள்ளி நாட்களில் தாமும் ஒரு தோழனை இப்படி ஒதுக்கியதை நினைத்துக்கொண்ட ஆண்கள் பலர். இயக்குநரே தம் இளமையில் அடையாள முத்திரைக்கு அஞ்சி நண்பர்களை விலக்கியதுண்டு என்று நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ஆயினும் எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. ஒரு சாரார், அழகிய முகங்களையும் பூந்தோட்டத்தையும் வயலின் இசையையும் கொண்டு கண்ணீர் பிழிந்தெடுக்கப்படுகிறது என்றனர். தன்பால் ஈர்ப்புடையவர்களாக வளர்ந்த சிலர், அத்தகைய சிறுவன் திரையில் மறுபடியும் சாக வேண்டியிருக்கிறதா என்று கேட்டனர். வேறு சிலரோ, இறந்தவனை இருப்பவனின் மனவளர்ச்சிக்கு ஏணியாக்கியதைப் பொறுக்கவில்லை. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த கேள்வி, அந்த இருவரும் நண்பர்கள் மட்டும்தானா என்பது. டோன்ட் அதற்கு விடை சொல்ல மறுத்துவிட்டார்.

துயரத்தைக் காட்டிக்கொள்ளாமையை ஆண்மையின் இலக்கணமாக்கிய மரபைப் பார்த்தால்தான் இந்த எதிர்வினைகளின் பொருள் விளங்கும். 'குடியரசு' நூலின் 10ஆம் பகுதியில் பிளேட்டோ ஒரு முரணைச் சுட்டுகிறார்: சொந்த வாழ்வில் இழப்பு நேரும்போது அமைதியாகத் தாங்கிக்கொள்வதையே ஆணுக்கு உரியது என்று பெருமை கொள்பவர்கள், மேடையில் ஒரு வீரன் மார்பில் அறைந்து அரற்றுவதைக் கண்டால் மகிழ்ந்து பாராட்டுகிறார்கள், வீட்டில் பெண்மை என்று இகழ்ந்ததை அரங்கில் கலை என்று புகழ்கிறார்கள். இதனால் அழுகைக்கு ஏங்கும் பகுதி உள்ளத்தில் ஊட்டம் பெற்று வளர்ந்துவிடும் என்பது அவருடைய அச்சம். துன்பியல் நாடகத்துக்கு நியாயம் தேடித் தந்த அரிஸ்டாட்டிலும் இந்த ஒரு விஷயத்தில் தம் ஆசிரியரான பிளேட்டோவிடமிருந்து அதிகம் விலகவில்லை. நட்பைப் பற்றி மேற்கில் எழுதப்பட்ட மிக விரிவான ஆய்வு என்று சொல்லத்தக்க 'நிக்கோமாக்கிய அறவியல்' 8, 9ஆம் பகுதிகளில் நண்பனை இன்னொரு தான் என்று உயர்த்திய அவரே, ஆண்மை மிக்கவர்கள் தம் துயரில் நண்பர்களைப் பங்குகொள்ள விடமாட்டார்கள் என்றும், கூடச் சேர்ந்து அழுபவர்களை விரும்புவது பெண்களும் பெண்தன்மை உடைய ஆண்களுமே என்றும் எழுதுகிறார். தன்னில் பாதியாக இருப்பவனிடம்கூடத் துயரத்தைச் சொல்லக்கூடாது என்றால் அந்த இன்னொரு தான் எதற்கு என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் எழுப்பிக்கொள்ளவில்லை.

பதின்வயதுச் சிறுவர்களின் நட்பை ஆராய்ந்த நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் நியோபி வே, 2011இல் வெளிவந்த தமது நூலில் இந்த மரபு ஓர் உயிருள்ள சிறுவனுக்குள் எவ்வாறு இறங்குகிறது என்பதைக் காட்டினார். 13, 14 வயதில் தங்கள் தோழர்களைப் பற்றி அன்பும் நம்பிக்கையும் நிறைந்த சொற்களில் தயக்கமின்றிப் பேசும் சிறுவர்கள், பதின்வயதின் முடிவை நெருங்கும்போது அப்படிப்பட்ட நட்பு இல்லாமற்போய்விட்டது என்றோ, அது தேவையில்லை என்றோ சொல்லத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய கண்டறிவு. டோன்ட் இப்படத்துக்குத் தூண்டுதலாகக் குறிப்பிடுவது இந்த நூலைத்தான். ஆகவே படத்தின் பொருள் ஒரு விபரீதமான நிகழ்ச்சி அல்ல; எத்தனையோ பள்ளிகளில் ஆண்டுதோறும் ஓசையின்றி நடந்து முடியும் ஒன்றின் கொடிய வடிவம்.

படத்தில் ஆண் அழும் காட்சிகளில் மிகக் கூர்மையானது லியோவுடையதன்று. ரெமியின் பெற்றோர் லியோவின் வீட்டுக்கு இரவு உணவுக்கு வந்திருக்கிறார்கள். எல்லாரும் பொதுவான செய்திகளைப் பேச முயல்கிறார்கள். லியோவின் அண்ணன், வரும் ஆண்டில் தான் செய்யப்போவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எதிர்காலம் என்ற ஒன்று பிறர் மகனுக்கு இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்த ரெமியின் தந்தை, உணவு மேசையிலேயே, தட்டுக்கு முன்னால், உடைந்து அழத் தொடங்குகிறார். அந்த இளைஞன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. யாரும் அவரைத் தேற்றும் சொல்லை அறியவில்லை. லியோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வளர்ந்த ஆண் ஒருவர் இவ்வாறு அழுவதை அவன் அதற்கு முன் பார்த்திருப்பானா என்பது ஐயமே. பிளேட்டோ எதை அரங்கோடு நிறுத்திவைக்க முடியும் என்று எண்ணினாரோ, அது இங்கே வீட்டு மேசைக்கு வந்துவிடுகிறது.

அழுகையை வகைபிரித்துப் பார்க்கும் மரபு தமிழிலும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பகுத்து, அவற்றுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்கள் கூறுகிறது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல், இழவு என்பது உற்றாரையோ உரியதையோ இழத்தல். இந்தப் பகுப்பு பெல்ஜிய நாட்டுச் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. எனினும் படத்தின் இரு பாதிகளையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான கருவி கிடைப்பது அரிது. பள்ளி வளாகத்திலும் காலை உணவின்போதும் ரெமி அழுவது இளிவினால். பிற்பாதியில் லியோவின் துயரம் இழவினால். முதல் அழுகையை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை, இரண்டாவதற்கு ஊரே திரண்டு ஆறுதல் சொல்கிறது. தொல்காப்பிய உரையாசிரியர்களுள் ஒருவரான பேராசிரியர், அழுகையைத் தானே அவலித்தல் என்றும் பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்றும் இரண்டாக்கி, இவற்றுக்குள் ஒன்றைக் கருணை எனக் கொள்வாரும் உண்டு என்று குறிப்பார். அரங்கில் இருப்பவரின் கண்ணீர் இந்த இரண்டாம் வகைக்கு உரியது. ஆனால் தன் பள்ளி நாள் நினைவோடு படம் பார்த்தவரின் கண்ணீரில் முதல் வகை எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

அகுஸ்தினாரின் குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்' என்ற தன்வரலாற்று நூலின் 3ஆம் பகுதியில், கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்தபோது நாடகங்களில் மயங்கிக் கிடந்ததை நினைவுகூரும் அவர், தாம் படவிரும்பாத துன்பத்தைப் பார்த்து வருந்த மனிதர் ஏன் விரும்புகிறார் என்று வியக்கிறார். அவருடைய தடை ஒன்றே: நாடகம் பார்ப்பவரிடம் எவரும் உதவி கேட்பதில்லை, வருந்தும்படி மட்டுமே அழைக்கிறார்கள். உண்மையான இரக்கம், துன்பமே இல்லாதிருந்தால் நல்லது என்று விரும்பும். அரங்கின் இரக்கமோ துன்பம் தொடர வேண்டும் என்று விரும்பும், இல்லையேல் காசு வீண். இது கடுமையான வாதம். 'க்ளோஸ்' கண்ணீர் பிழிகிறது என்றவர்கள், அறிந்தோ அறியாமலோ, இதையே திரும்பச் சொன்னார்கள்.

ஆனால் இந்த வாதத்துக்கு விடை படத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. கேமரா எப்போதும் லியோவோடு இருக்கிறது; ரெமியின் தனிமைக்குள் அது ஒருமுறையும் நுழைவதில்லை. ரெமி காலை உணவின்போது கண்கலங்கியதைப் பார்வையாளர் பார்த்தார். வகுப்புத் தோழர்கள் பார்த்தது போலவே, ஏதோ சிறுவர் மனத்தாங்கல் என்று கடந்தும் போனார். உதவ முடியாத இடத்தில் இருப்பதைப் பார்வையாளரின் வசதி என்று அகுஸ்தினார் இகழ்ந்தார். டோன்ட் அதே இடத்தைப் பார்வையாளரின் பொறுப்பாக மாற்றுகிறார், ஏனெனில் முற்பாதியில் அமைதியாக நேரம் கழித்தவருக்குப் பிற்பாதியில் தம் கண்ணீரை நம்ப முடியாமற் போகிறது.

லியோவும் ரெமியும் ஒருவருக்கொருவர் யார் என்ற கேள்வியும் பார்வையாளரின் இந்தப் பொறுப்பில் அடங்கும். ஓர் உறவுக்குப் பெயரிட்டுத் தரும்படி பள்ளி மாணவி கேட்டதில்தான் கேடு தொடங்கிற்று. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அதையே, அவளைவிடப் பண்பட்ட சொற்களில், இயக்குநரிடம் கேட்டார்கள். இக்கேள்வி தவறானது என்று சொல்லிவிட முடியாது. தம்மை ஒத்தவரைத் திரையில் தேடும் பார்வையாளருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. அவர்களுக்குப் பெயரின்மையே நெடுங்காலம் தண்டனையாக இருந்திருக்கிறது. ஆனால் நட்புக்கும் காதலுக்கும் நடுவே வேலி எங்கே என்று முதலில் கேட்டு, துயரத்தின் அளவை அதன் பின் முடிவு செய்பவர், நண்பனை இழந்தவனின் துயரம் சற்றுக் குறைந்த தரத்தது என்ற முடிவை முன்னரே ஏற்றுக்கொண்டவராகிறார். கணவனை இழந்தவளுக்கும் மகனை இழந்தவருக்கும் துக்கச் சடங்கில் இடம் உண்டு. பெரும்பாலான சமூகங்களில் நண்பனுக்கு வரையறுத்த இடம் இல்லை.

படத்தின் உண்மையான சமயக் கேள்வி இதற்கும் அப்பால் இருக்கிறது: வேண்டுமென்றே செய்யாத தீங்குக்கு ஒருவன் எந்த அளவு பொறுப்பாளி, தீங்குற்றவன் இறந்துவிட்டால் மன்னிப்பை யாரிடம் கேட்பது? அகுஸ்தினாருக்கும் இந்தக் கேள்வி புதியதன்று. 'அறிக்கைகள்' 4ஆம் பகுதி, பிறந்த ஊரான தகாஸ்தேயில் அவருடைய இளமைத் தோழன் ஒருவனின் சாவைச் சொல்கிறது. காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த அந்த இளைஞனுக்கு வீட்டார் திருமுழுக்கு, அதாவது கிறிஸ்தவ சமயத்தில் சேர்க்கும் நீர்ச்சடங்கைச் செய்வித்தனர். தெளிந்தெழுந்தவனிடம் அகுஸ்தினார் அதைக் கேலி செய்தார், அவனும் சேர்ந்து சிரிப்பான் என்ற நம்பிக்கையில். அவனோ பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, நண்பனாக இருக்க வேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று கண்டித்தான். உடல் தேறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிவைத்தார்; சில நாட்களில் காய்ச்சல் திரும்பி, அவர் உடனில்லாத வேளையில், அவன் இறந்தான். அதன் பின் அவனைக் காணாத இடமெல்லாம் அவருக்கு வெறுத்தது. ஊரை விட்டே போனார். இறக்கப்போகிறவனை இறவாதவன்போல நேசித்ததே பிழை, அழியாத கடவுளில் நேசித்திருந்தால் இழந்திருக்க மாட்டேன் என்பது ஆயரான பின் அவர் கண்ட முடிவு. இந்த முடிவில் ஓர் இடைவெளி உண்டு. அளவு மீறி நேசித்ததற்காக அவர் தம்மைக் கடிந்துகொள்கிறார். கடைசியாகச் சொன்ன அந்தக் கேலிச்சொல்லுக்காக அவ்வளவு கடிந்துகொள்ளவில்லை. முதுமையில் தம் நூல்களை மீள்பார்வையிட்டபோது, இத்துயரப் பகுதியின் ஒரு கூற்று அறிக்கை என்பதைவிட வெறும் மேடைப்பேச்சாகப் படுகிறது என்று அவரே குறைகூறினார். கண்ணீர் பிழிதல் என்ற குற்றச்சாட்டை ஓர் ஆசிரியர் தம்மீதே சுமத்திக்கொண்டது அரிய நிகழ்ச்சி.

லியோவின் நிலை வேறு. இறைவனைப் பற்றிய பேச்சே அவனிடம் இல்லை. நான் தள்ளிவிட்டேன் என்ற ஒன்றுதான் அவனிடம் இருக்கிறது. பார்வையாளர்களில் பலர், இது உன் குற்றமில்லை தம்பி என்று சொல்லத் துடித்தார்கள். ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் அறத்தில் தற்செயலின் பங்கைப் பற்றி எழுதிய கட்டுரையில், தன் பிழை ஏதுமின்றி ஒரு குழந்தையை மோதிக் கொன்றுவிட்ட லாரி ஓட்டுநரை எடுத்துக்காட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் வருந்துவார்கள். ஓட்டுநரின் வருத்தம் அவர்களுடைய வருத்தத்தோடு சேராத தனி வகை, ஏனெனில் கை அவருடையது. அவரை மற்றவர்கள் தேற்றுவது முறைதான், ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் அவரிடம் ஏதோ குறை என்றே எண்ணுவோம் என்கிறார் வில்லியம்ஸ். செய்தவருக்கே உரிய இந்த வருத்தம் சட்டம் காணும் குற்றமும் அன்று, வெறும் துக்கமும் அன்று. லியோ பல மாதங்கள் சுமப்பது அதைத்தான். ஐஸ் ஹாக்கியில் கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போடும்போதுதான் அவனுக்கு அழுகை வருகிறது, ஏனெனில் உடல்வலிக்கு அழ ஒரு சிறுவனுக்கு அனுமதி உண்டு.

இறந்தவனிடம் மன்னிப்புக் கேட்க முடியாத நிலையைச் சமயங்கள் பல முன்னரே எண்ணிப்பார்த்திருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில், ஒருவருக்குத் தீங்கிழைத்தவன் மன்னிப்புக் கேட்கும் முன் அவர் இறந்துவிட்டால், 10 பேரை அழைத்துச் சென்று அவருடைய கல்லறை முன் நின்று, கடவுளுக்கும் இம்மனிதருக்கும் எதிராக இன்னது செய்தேன் என்று வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று வகுக்கிறார். கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியாகப் பாவத்தை எடுத்துரைக்கும் அருட்சாதனம், அந்த இடத்தை நிரப்புகிறது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, கேட்கும் காது ஒன்று வேண்டும்.

லியோவுக்குப் 10 பேரும் இல்லை, குருவும் இல்லை. அவன் போவது ரெமியின் தாய் சோஃபியிடம். அவளோடு காரில் போகும்போது, என்னால்தான், நான் அவனைத் தள்ளிவிட்டேன் என்று சொல்கிறான். சோஃபியாக நடித்த எமிலி டெக்கெனின் நடிப்பு இந்த இடத்தில் சொல் எதையும் நம்பியிருப்பதில்லை. அவள் மன்னிப்பதில்லை, காரை நிறுத்தி அவனை இறங்கச் சொல்கிறாள். பிறகு அவனைத் தேடிக் காட்டுக்குள் ஓடுகிறாள். அவனோ ஒரு தடியை எடுத்து, அடிக்க வருகிறாள் என்று அஞ்சி, தற்காப்புக்காகப் பிடித்து நிற்கிறான். அந்நிலையில் அவள் அவனை அணைத்துக்கொள்கிறாள். அந்த அணைப்பு பாவமன்னிப்பு அன்று; உன் குற்றமில்லை என்ற தீர்ப்பும் அன்று. நீ சொன்னதைக் கேட்டேன் என்பது மட்டும்தான் அதன் பொருள். குற்றமற்றவன் என்று அவனைத் தேற்ற முயன்ற பார்வையாளர்களைவிட இந்தத் தாய் அவனை மதித்தாள் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் அவன் சொன்னதை அவள் மறுத்துப் பேசி லேசாக்கிவிடவில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு குறை நிற்கிறது. படத்தைக் குறைகூறியவர்களில் கண்ணீர் பிழிதல் என்றவர்களுக்கு விடை சொல்லலாம். உறவுக்குப் பெயர் கேட்டவர்களுக்கும் சொல்லலாம். இறந்த சிறுவனை ஏணியாக்கிவிட்டார்கள் என்றவர்களுக்கு விடை எளிதன்று. ரெமி என்ன நினைத்தான், வேறு எதற்கெல்லாம் வருந்தினான், அவனுடைய இசை எங்கே போயிற்று என்பவை லியோவுக்குத் தெரியாதவை என்பதனாலேயே படத்துக்கும் தெரியாமற்போயின. பார்வையாளரின் பொறுப்பை உணர்த்திய அதே உத்தி இறந்தவனை இருப்பவனின் துயரத்துக்குள் அடக்கிவிட்டது. அகுஸ்தினாரும் அதையே செய்தார். தம் ஆன்மாவில் பாதி என்று அவர் எண்ணிய அந்தத் தோழனைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதியவர், அவனுடைய பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. இந்த மறுப்பு படத்தின் மீதும் நூலின் மீதும் இன்னும் விடையின்றியே நிற்கிறது.